நாயின் வாய்க்குள் யார் பார்த்தார்கள்?

பழவேற்காட்டில் படகுகள் கரை சேரும் நேரத்தில், ஏலக்காரர்களுக்கு முன்பே வந்து இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவை நாய்களும் பூனைகளும்தான். மடவை, கெளுத்தி, இறால், நண்டு என்று கூடை கூடையாக இறங்கும். கழித்துப் போட்டதெல்லாம் அவற்றின் பங்கு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம், லைட்ஹவுஸ்குப்பம் என்று எந்தக் குப்பத்துக்குப் போனாலும் இதே காட்சிதான். வைரவன்குப்பம் என்று ஓர் ஊரே இருக்கிறது. வைரவர் என்றாலே நாய் வாகனம்தானே நமக்கு நினைவுக்கு வரும்!

இத்தனை நாய் பூனைகளோடு இத்தனை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறோமே, அவற்றின் வாயைத் திறந்து பல்லை யாராவது பார்த்தார்களா என்று ஒருநாள் யோசித்தேன். நான் மருத்துவன் அல்ல. வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற வாத்தியார். ஆகவே இந்தக் கேள்வியையும் வரலாறாகவே தேடிப் பார்த்தேன். தேடியதில் எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: மனிதன் நாயின் பல்லை ரொம்ப காலமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் தன் பயத்துக்காகப் பார்த்தான். நாய்க்காகப் பார்க்கத் தொடங்கியது நம் வாழ்நாளில்தான். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பதையும், மீனவக் குப்பத்தில் இருப்பவர்கள் இதில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயத்தையும் இங்கே எழுதுகிறேன். அந்த விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. அதனால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

மாட்டுக்குப் பல் பார்த்தோம்

நம் ஊர்களில் விலங்கின் பல்லைப் பார்ப்பது புதுசு இல்லை. மாட்டுச் சந்தையில் தரகர் முதலில் செய்கிற வேலையே மாட்டின் வாயைப் பிளந்து பார்ப்பதுதான். மாட்டுக்கு முன்வாயில் மேல்பல் கிடையாது. கீழே எட்டுப் பல். பால்பல் விழுந்து இரண்டு பல் முளைத்திருந்தால் ஏறக்குறைய இரண்டு வயது. பிறகு நாலு பல், ஆறு பல் என்று கணக்கு. எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்துவிட்டது என்பார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத உயிருக்குப் பல்தான் சான்றிதழ். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்ற பழமொழி அதிலிருந்து வந்ததுதான்.

ஆனால் அது விலைக்காகப் பார்த்த பல். நாயையும் பூனையையும் யாரும் சந்தையில் வாங்குவதில்லை. அதனால் அவற்றின் பல்லைப் பார்க்கவும் யாருக்கும் வேலை இருக்கவில்லை.

புலவர்கள் பார்த்தார்கள் என்று சொல்லலாம். குறுந்தொகையில் முல்லை அரும்புகளை வெருகின் பல்லுக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். வெருகு என்றால் காட்டுப்பூனை. கூர்மையான, வெள்ளை வெளேரென்ற சின்னஞ்சிறு பற்கள்! பூனை வாய் திறந்ததைப் பக்கத்திலிருந்து உற்றுப் பார்த்த ஒருவரால்தான் அப்படிச் சொல்ல முடியும். நாய்க்கும் ஞமலி, ஞாளி என்று பழந்தமிழில் எத்தனை பெயர்கள்! பேர் வைப்பதில் நாம் குறை வைக்கவில்லை.

விலங்குகளுக்கு வைத்தியம் என்ற எண்ணமும் இந்த மண்ணுக்குப் பழையதுதான். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் வெட்டிவைத்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதர்களுக்கு ஒன்று விலங்குகளுக்கு ஒன்று என இரண்டு வகை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்ததைச் சொல்கிறது. தன் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களில் மட்டும் அல்ல. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும், தாமிரபரணி வரையிலும் என்று அந்தக் கல்வெட்டு பேர் சொல்கிறது. மூலிகை இல்லாத இடத்துக்கு மூலிகையைக் கொண்டுபோய் நட்டதாகவும் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் அசோகர் என்றால் சாலையோரம் மரம் நட்டார் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பல் சொன்ன பழைய கதை

நாயின் பல் எவ்வளவு பேசும் என்பதற்கு ஓர் உதாரணம். ஜெர்மனியில் பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காசல் என்ற இடத்தில், 1914-ல் கல் உடைத்த தொழிலாளிகளுக்கு ஒரு பழைய புதைகுழி கிடைத்தது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய். சுமார் 14,000 வருஷத்துக்கு முந்தையது.

2018-ல் லூக் ஜான்சன்ஸ் என்ற கால்நடை மருத்துவரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த நாயின் பற்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாய் இறக்கும்போது ஏழு மாதம்கூட நிறையாத குட்டி. பல்லின் மேல்பூச்சில் வரிவரியாகக் குறைகள் இருந்தன. குட்டி நாய்க்கு டிஸ்டெம்பர் என்ற நோய் வந்தால் அந்தச் சமயத்தில் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் அது தழும்பு போட்டுவிடும். அதை வைத்துப் பார்த்தால், குட்டிக்கு நாலரை மாத வயதில் நோய் வந்திருக்கிறது. திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. ஆனாலும் பல வாரம் உயிரோடு இருந்திருக்கிறது. வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும் குட்டியை யாராவது துடைத்து, தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றியிருந்தால்தான் அத்தனை நாள் பிழைத்திருக்கும் என்பது அவர்கள் முடிவு.

வேட்டைக்கு உதவாத, காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டி. அதைப் பார்த்துக்கொண்டார்கள், இறந்ததும் தங்களோடு புதைத்தார்கள். எழுத்து பிறக்காத காலத்துக் கதை, பல்லில் எழுதியிருந்தது.

டிஸ்டெம்பர் இன்றைக்கும் நம் தெருக்களில் இருக்கிறது. பல்லில் பழுப்பு நிறக் குழிகளோடு வளர்ந்த நாயைப் பார்த்தால், அது குட்டியில் இந்த நோயில் விழுந்து எழுந்ததாக இருக்கலாம்.

பயத்தின் காலம்

இனி நம் பக்கத்துக்கு வருவோம். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியபோதும், 1825-ல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்குப் போனபோதும், நாயின் வாய் என்றால் சாதாரண ஜனங்களுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான்: வெறிநாய்க்கடி. பல் பட்டுவிட்டால், அந்த நாய்க்கு வெறி இருந்தால், மருந்தே கிடையாது. நோய் வெளிப்பட்டபின் மரணம் என்பது இன்றைக்கும் மாறவில்லை.

1885 ஜூலை 6-ஆம் தேதி பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த 9 வயதுப் பையன் ஜோசப் மைஸ்டருக்கு முதல் தடுப்பு ஊசியைப் போட ஏற்பாடு செய்தார். பையன் பிழைத்தான். அந்த ஆராய்ச்சிக்காக, வெறி பிடித்த நாயைக் கட்டிப் பிடித்து வைத்து, கண்ணாடிக் குழாயால் அதன் வாயிலிருந்து எச்சிலை உறிஞ்சி எடுத்தார்கள் என்று சொல்வார்கள். நாயின் வாய்க்குள் விஞ்ஞானம் எட்டிப் பார்த்தது அப்படித்தான்.

அந்த மருத்துவம் இந்தியாவுக்கு வர 15 வருஷம் ஆயிற்று. 1900-ல் இமயமலைப் பக்கம் கசௌலியில் முதல் பாஸ்டர் நிலையம் திறந்தார்கள். தெற்கே இருப்பவர்களுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? கடி பட்டவர் ரயிலில் நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ச் சேர வேண்டும். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் பெண் தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். அந்தச் சாவுக்குப் பிறகுதான் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்று பணம் திரட்டினார்கள். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்தது. 1907 ஏப்ரலில் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறந்தது.

அந்தக் காலத்துப் பழவேற்காட்டு மீனவர் ஒருவரை நாய் கடித்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னை போக வேண்டும், அல்லது வண்டி கட்டிப் பொன்னேரி போய் ரயில் ஏற வேண்டும். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயிலில் குன்னூர். போய் இரண்டு வாரம் தங்க வேண்டும். அன்றாடம் வலை போட்டால்தான் அன்றாடச் சோறு என்று இருப்பவருக்கு இது நடக்கிற காரியமா? பெரும்பாலோர் மந்திரித்துக்கொண்டும், பச்சிலை கட்டிக்கொண்டும் விதியை நம்பியிருப்பார்கள்.

பிறகு மருந்து மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கே வந்தது. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-ல் உருவாக்கிய முறை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி! என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "நாய்கிட்ட போகாதே, தொப்புளைச் சுத்தி ஊசி போடுவாங்க" என்று மிரட்டி வளர்க்கப்பட்ட தலைமுறை நாம். 2005 வாக்கில்தான் அந்த மருந்து நாட்டில் முழுவதுமாக நிறுத்தப்பட்டது. இப்போது கையில் போடுகிற நாலைந்து தவணைதான்.

இன்னொரு பக்கம், நாயைக் கொல்வது ஒரு நிர்வாக வேலையாக நடந்தது. சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கியது 1860-ல் என்று புளூ கிராஸ்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொன்றும் நாய் குறையவில்லை, வெறிநாய்க்கடியும் குறையவில்லை. 1959-ல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், 1964-லிருந்து வேறு வழி சொன்னது: பிடி, கருத்தடை செய், தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 வரை ஆயிற்று. 2001-ல் மத்திய அரசு அதையே நாடு முழுமைக்கும் விதியாக்கியது.

இதை ஏன் பல்லைப் பற்றிய கட்டுரையில் சொல்கிறேன் என்றால், நாயைப் பார்த்தால் கல்லெடுக்கிற வரைக்கும் அதன் பல்லில் காரை படிந்திருக்கிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றாது. தடுப்பூசி போட்ட நாயின் வாயில்தான் துணிந்து விரலை வைக்க முடியும். பயம் போன பிறகுதான் பராமரிப்பு வந்தது.

வேப்பேரியில் தொடங்கியது

கால்நடை மருத்துவக் கல்லூரி என்ற ஏற்பாடே உலகத்தில் மாட்டுக்காக வந்தது. ஐரோப்பாவில் வெக்கை நோயில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, 1760-களின் தொடக்கத்தில் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தில் முதல் கல்லூரி வந்தது. நம் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் வேப்பேரியில் டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில் 20 மாணவர்களோடு ஆரம்பித்தது. 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவில் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் கொடுத்த முதல் கல்லூரி அதுதான். 1989-ல் நாட்டின் முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் இங்கேயே வந்தது.

முதலில் குதிரையும் மாடும்தான் பாடம். ராணுவத்துக்குக் குதிரை, விவசாயத்துக்கு மாடு. நாய் பூனை வளர்ப்பது வீட்டுக்கு வீடு பரவியபோது அவற்றுக்கும் மருத்துவம் வளர்ந்தது. அதிலும் பல் கடைசியாகத்தான் வந்தது. அமெரிக்காவிலேயே கால்நடைப் பல் மருத்துவத்துக்கென ஒரு சங்கம் 1976-ல்தான் ஆரம்பித்தார்கள். அதைத் தனிச் சிறப்புப் பிரிவாக ஒப்புக்கொண்டது 1988-ல். மனிதன் நிலாவில் கால் வைத்து 19 வருஷம் கழித்து!

இதற்கு நடுவில் ஒரு துறைமுகக் கதையும் உண்டு. 1860 வாக்கில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், இடிதாங்கி விற்பதற்காக லண்டன் போனார். அங்கே கப்பல்காரர்கள் வீசிய கெட்டி ரொட்டியைத் துறைமுகத்து நாய்கள் போட்டி போட்டுத் தின்பதைப் பார்த்துத்தான் நாய் பிஸ்கட் தயாரிக்கும் யோசனை அவருக்கு வந்தது என்பார்கள். இன்று கடைகளில் தொங்கும் பாக்கெட்டுகளுக்கெல்லாம் அதுதான் ஆதி. கரையில் காத்துக் கிடந்த நாயிலிருந்து ஒரு பெரிய வியாபாரம் பிறந்தது.

வாய்க்குள் என்ன நடக்கிறது?

நாய்க்கு 28 பால்பல். விழுந்து முளைத்தால் 42. பூனைக்கு 26 பால்பல், பிறகு 30. நமக்கு 32. குட்டி நாலு மாதம் ஆனதும் பால்பல் விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் எல்லாம் முளைத்துவிடும். அந்தச் சமயத்தில் செருப்பு, வலைக்கயிறு, பாய் எல்லாவற்றையும் கடிக்கும். பழைய பால்பல் விழாமல் பக்கத்திலேயே நின்றால், இரண்டுக்கும் நடுவில் அழுக்கு சேரும். அதை மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும்.

நமக்கு வருகிற சொத்தை நாய்க்கு அவ்வளவாக வராது. அவற்றுக்கு வருவது ஈறு நோய். சாப்பிட்டபின் பல்லின் மேல் வழவழவென்று ஒரு படலம் படியும். துடைக்காமல் விட்டால் சில நாளிலேயே எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல் மாதிரி இறுகிவிடும். அதுதான் காரை. காரை ஈறைத் தள்ளும். ஈறு சிவக்கும், ரத்தம் கசியும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும், பல் ஆடும். மூன்று வயதுக்குள்ளேயே பெரும்பாலான நாய் பூனைகளிடம் இதன் ஆரம்பத்தைப் பார்க்கலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். பூனைகளுக்கு இன்னொன்றும் வரும். பல்லே ஈறோரத்தில் அரித்துக் கரைந்துபோகும். கடுமையான வலி.

ஆனால் வலியைக் காட்டாது. "நல்லாத்தானே சாப்பிடுது" என்போம். பசி வலியை விடப் பெரியது, அதனால் சாப்பிடும். கவனித்தால்தான் தெரியும்: ஒரு பக்கமாக மெல்லும், வாயிலிருந்து கவளத்தை நழுவவிடும், முகத்தைக் காலால் தேய்க்கும், பூனையாக இருந்தால் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும், ரோமம் அழுக்காகும். வாய் நாற்றம் நாய்க்கு இயற்கை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. மீன் தின்ற வாடை கொஞ்ச நேரத்தில் போய்விடும். போகாமல் நிற்கிற நாற்றம் நோயின் நாற்றம்.

செய்ய வேண்டியது எளிதுதான். குட்டியிலிருந்தே வாயைத் தொடப் பழக்க வேண்டும். விரலில் மெல்லிய துணியைச் சுற்றி, உதட்டைத் தூக்கி, பல்லின் வெளிப்பக்கத்தை மெதுவாகத் துடைத்துவிடலாம். தினமும் செய்தால் நல்லது. பழகியபின் சின்ன பிரஷ். நம் பற்பசை மட்டும் கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பற்பசைகளிலும் சர்க்கரை போடாத சூயிங்கத்திலும் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம். ஆலும் வேலும் மனிதன் பல்லோடு இருக்கட்டும். ஏற்கெனவே காரை இறுகியிருந்தால் வீட்டில் சுரண்டாதீர்கள். மயக்க மருந்து கொடுத்து மருத்துவர் எடுக்க வேண்டிய வேலை அது.

குப்பத்துக்கென்றே உள்ள ஆபத்துகள்

பழவேற்காட்டுக்காரர்களுக்குப் பல்லும் ஒரு கருவி. ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்கள், பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் தண்ணீருக்குள் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். வலை பின்னுகிறவர்கள் நூலைப் பல்லால் அறுத்துத் துப்புவதும் வழக்கம்தான். அந்த நூல் துண்டு பழைய காலத்தில் பருத்தி. பட்டைச் சாயத்தில் ஊறவைத்த வலைகள்; கிழிந்து விழுந்தால் மண்ணோடு மக்கிவிடும். பிறகு நைலான் வந்தது. உழைப்பு குறைந்தது, வலை நீடித்தது, நல்லதுதான். ஆனால் கரையில் விழுந்த துண்டு மக்குவதில்லை.

மீன் வாடை அடிக்கிற நைலான் நூலைப் பூனை தின்னும். பூனையின் நாக்கு அரம் மாதிரி, உள்நோக்கி முள் முள்ளாக இருக்கும். வாய்க்குள் போன நூலை அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு நுனி நாக்கின் அடியில் சுற்றிக்கொள்ளும், மறு நுனி குடலுக்குப் போய்விடும். குடல் நூலோடு சேர்ந்து சுருங்கிச் சுருங்கி, கடைசியில் நூல் கத்தி போல் குடலை அறுத்துவிடும். பூனை வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் கிடந்தால் நாக்குக்கு அடியில் பார்ப்பது அதனால்தான். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். இழுத்தால் குடல் அறும். அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தூண்டில் முள் உதட்டில் மாட்டினாலும் அப்படியே. கொக்கியின் எதிர்முள் சதையைக் கிழிக்கும்.

கெளுத்தி முள் அண்ணத்தில் குத்தும். கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் குறுக்காக மாட்டும். சமைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையில் நிற்கும். கழித்துப் போடும் பேத்தை மீன் விஷம். ஆகவே மீன் கழிவை ஒரு குழியில் போட்டு மூடுவது நமக்கும் நல்லது, அவற்றுக்கும் நல்லது.

எலும்பு சிக்கியிருக்கிறதா, வெறியா?

நான் கடைசிவரை படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

வெறி பிடித்த நாய் என்றால் நம் மனதில் ஓடி ஓடிக் கடிக்கிற நாய்தான் வரும். அது ஒரு வகை. இன்னொரு வகை ஊமை வெறி. அந்த நாய் ஓடாது, பாயாது. மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். தாடை செயலிழந்து கீழே தொங்கும். வாயை மூட முடியாது. எச்சில் வடியும். விழுங்க முடியாது. குரல் மாறிவிடும். பார்க்கிறவருக்கு, "பாவம், தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சு" என்றுதான் தோன்றும். மீன் முள்ளும் எலும்பும் காலடியில் கிடக்கிற ஊரில் வேறு எப்படித் தோன்றும்?

நல்ல மனசு உள்ளவர்தான் முள்ளை எடுக்கப் போவார். வாய்க்குள் கையை விடுவார். பல்லில் கீறிக்கொள்வார், அல்லது கையில் ஏற்கெனவே இருக்கிற வெட்டுக்காயத்தில் எச்சில் படும். வலை இழுக்கிற கையிலும் மீன் அறுக்கிற கையிலும் காயம் இல்லாத நாள் ஏது? நாய் கடிக்கவே இல்லையே என்று ஊசியும் போட்டுக்கொள்ள மாட்டார். நாய் சில நாளில் செத்துவிடும். வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் இவருக்கு வரும். உலகத்தில் வெறிநாய்க்கடியால் நேரும் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆகவே, தாடை தொங்கி எச்சில் வடிக்கும் நாயின் வாயில், அது சொந்த நாயாகவே இருந்தாலும், கை வைக்காதீர்கள். பிள்ளைகளை விலக்கிவிட்டு, முடிந்தால் நாயை ஓர் அறையில் அடைத்துவிட்டு, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தடுப்பூசி போடாத நாய், தெருநாய் என்றால் இரட்டிப்பு ஜாக்கிரதை. எச்சில் காயத்தில் பட்டுவிட்டால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். காயத்தைப் பொறுத்துக் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் வேண்டியிருக்கலாம். தவணையைப் பாதியில் விடாதீர்கள். குன்னூருக்குப் போக வழி இல்லாமல் நம் முன்னோர் பட்ட பாடு நமக்கு இல்லை. மருந்து பக்கத்திலேயே இருக்கிறது, இலவசமாகவும் கிடைக்கிறது.

வளர்க்கிற நாய்க்கும் பூனைக்கும் வருஷம் ஒருமுறை வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். செப்டம்பர் 28 பாஸ்டர் மறைந்த நாள். 2007-லிருந்து அதை உலக வெறிநோய் தினமாகக் கடைப்பிடிக்கிறார்கள். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும். ஊசி போடக் கூட்டிப்போகிற அன்றைக்கே மருத்துவரிடம், "வாயையும் கொஞ்சம் பாருங்க சார்" என்று கேளுங்கள். ஒரு நிமிஷ வேலை. தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டு வைத்திருக்கிற இடத்திலேயே பத்திரமாக வையுங்கள். யாரையாவது பல் பட்டுவிட்டது என்றால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.